சொல்லிக் கொடுத்ததைச் செய்து காட்டச் சொல்லும் ஓர் ஆலோசனை அறை

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், ஒரு சிற்றூரின் கடைத்தெருவை ஒட்டி, சர்க்கரை நோய்க்கென்றே இயங்கும் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்று இருக்கிறது. என் அக்காள் அங்கே சிகிச்சை பெற்று வருகிறார். துணைக்கு நானும் போய் வருகிறேன். மருத்துவரின் கைராசியைப் பற்றியும் ஆய்வுக்கூடத்தின் கட்டணத்தைப் பற்றியும் பேச ஊரில் ஆள் இருக்கிறது. நான் எழுத நினைப்பது, மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் நோயாளியை மெடிக்கலுக்கு அனுப்புவதற்கு முன் உட்கார வைத்துப் பேசும் ஆலோசனை அறையைப் பற்றி மட்டுமே. நிறையோடு குறையையும் எழுதவிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். கிராமச் சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால், நோயாளியிடம் சொல்லப்படும் ஒரு செய்தி அவர் வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேரும்போது என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதில் எனக்குக் கவனம் சற்று அதிகம். அந்தக் கண்ணோடுதான் இந்த மதிப்பீடு.

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரும் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. இத்தனை பேரையும் மருந்து மட்டும் காப்பாற்றிவிடாது. எந்த மாத்திரையை எப்போது போடுவது, எவ்வளவு சோறு சாப்பிடுவது, காலில் புண் வந்தால் எப்போது ஓடி வருவது என்பதையெல்லாம் நாள்தோறும் தீர்மானிப்பவர் நோயாளியே. மருத்துவர் பார்ப்பதோ மாதத்தில் சில நிமிடங்கள். ஆகவே இந்த நோயில் பேச்சும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது. பெரும்பாலான இடங்களில் அந்தப் பகுதி ஒரு சீட்டோடும் "பாத்து இருந்துக்கங்க" என்ற ஒரு வரியோடும் முடிந்துவிடுகிறது.

இந்த அறையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். முதல் முறை போனபோதே அவரிடம் நான் கவனித்தது, "புரிஞ்சுதா?" என்று அவர் கேட்பதே இல்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டு, வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போதே பக்கத்தில் இருப்பவரிடம் "என்னவோ சொன்னாங்களே, சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்பார்கள். படித்தவர்கள் முன்னால் புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று எண்ணுபவர்களும் உண்டு, வெட்கப்படுபவர்களும் உண்டு. இவர் அந்தச் சங்கடத்தையே எடுத்துவிடுகிறார். என் அக்காளிடம் அவர் கேட்டது இப்படி: "பெரியம்மா, நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போனதும் மருமக 'டாக்டர் என்ன சொன்னாங்க'ன்னு கேப்பாங்கல்ல, அப்ப என்ன சொல்லுவீங்க? அத இப்ப எங்கிட்டச் சொல்லுங்க."

அக்காள் சொன்னார்: "காலையில பல்லு வெளக்கிட்டு அந்தச் சின்ன மாத்திரை. அப்புறம் இட்லி. சாப்புட்டு முடிச்சதும் பெரிய மாத்திரை."

"இட்லி வேக நேரமாயிட்டா என்ன பண்ணுவீங்க?"

அக்காள் சற்று யோசித்துவிட்டு, "மாத்திரையப் போட்டுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்றார்.

"அதுதான் கூடாது பெரியம்மா. அந்தச் சின்ன மாத்திரை உள்ள போனா சுகர எறக்க ஆரம்பிச்சிரும். இட்லி தட்டுல வந்த பெறகு அதப் போடுங்க."

அக்காள் சொன்ன வரிசையில் பிழை ஏதும் இல்லை. கேட்டவர் அதோடு விட்டிருந்தால் எல்லாம் சரி என்றே தோன்றியிருக்கும். இரண்டாவது கேள்வியில்தான் ஓட்டை தெரிந்தது. என் பணிக்காலத்தில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். "பயனாளிக்கு எளிய மொழியில் எடுத்துரைக்க வேண்டும்" என்று எல்லா வகுப்புகளிலும் சொல்வார்கள். எடுத்துரைத்தது போய்ச் சேர்ந்ததா என்று சோதிக்கும் இந்தப் படியை அழுத்திச் சொன்னவர்கள் குறைவு.

இது அந்தப் பெண்ணின் தனிப்பட்ட சாமர்த்தியம் மட்டுமல்ல, ஆய்வுகளால் நிறுவப்பட்ட முறை. மருத்துவப் பணியாளர்கள் சொல்லும் தகவல்களில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிக்கு உடனடியாகவே மறந்துபோகிறது என்று நெதர்லாந்தைச் சேர்ந்த ராய் கெசல்ஸ் 2003-இல் வெளியான கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில், சான் பிரான்சிஸ்கோவின் பொது மருத்துவமனை ஒன்றில் சர்க்கரை நோயாளிகளுடன் மருத்துவர்கள் பேசிய பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, புதிதாகச் சொல்லப்பட்ட விஷயங்களில் ஏறத்தாழ எட்டில் ஒன்றைத்தான் நோயாளி புரிந்துகொண்டாரா என்று மருத்துவர்கள் சரிபார்த்திருந்தார்கள். அப்படிச் சரிபார்க்கப்பட்ட நோயாளிகளுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு மேலாக இருந்தது. இதைவிட என்னை உலுக்கியது 2006-இல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வு. "இரண்டு மாத்திரைகளை நாளுக்கு இருமுறை உட்கொள்ளவும்" என்ற மருந்துச் சீட்டைக் குறைந்த எழுத்தறிவு உள்ளவர்களில் சுமார் 71 விழுக்காட்டினர் சரியாகப் படித்துச் சொன்னார்கள். ஆனால் நாளொன்றுக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணி எடுத்துக் காட்டச் சொன்னபோது சுமார் 35 விழுக்காட்டினருக்குத்தான் அது முடிந்தது. படிக்கத் தெரிவதற்கும் செய்யத் தெரிவதற்கும் நடுவே அவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது. இந்த ஆலோசனை அறை சொல்லச் சொல்வதோடு நிற்காமல் செய்து காட்டவும் சொல்வதற்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது.

இன்சுலின் விஷயத்தில் இதை நேரில் பார்த்தேன். புதிதாக ஊசி ஆரம்பிக்கும் ஒரு பெரியவர், திருவையாறு பக்கத்து விவசாயி, மகனோடு வந்திருந்தார். மேசை மேல் வெறும் தண்ணீர் நிரப்பிய பழைய மருந்துக் குப்பி ஒன்று, ஒரு பஞ்சு மெத்தைத் துண்டு, சிவப்பு மூடி போட்ட ஊசி ஒன்று, ஆரஞ்சு மூடி போட்ட ஊசி ஒன்று. நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு வலிமைகளில் விற்கப்படுகின்றன. 40-க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. மெடிக்கலில் கைக்கு வந்த ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெண் கணக்காகச் சொல்லாமல், பெரியவரையே இரண்டு ஊசிகளிலும் 20 என்ற கோடு வரை தண்ணீர் இழுக்கச் சொன்னார். ஒன்றில் அரை மில்லி நின்றது, மற்றதில் அதில் பாதிகூட இல்லை. "ரெண்டுலயும் இருபதுதானம்மா போட்ருக்கு?" என்று பெரியவர் கேட்டார். அதற்குப் பிறகுதான் விளக்கம் வந்தது: 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட், ஆளைச் சாய்த்துவிடும். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் இழுத்தால் ஏறுவது 8 யூனிட்தான்; சர்க்கரை இறங்கவே இறங்காது. பெரியவர் தம் குப்பியில் 40 என்று போட்டிருப்பதைத் தேடிப் படித்தார், சிவப்பு மூடி ஊசியைத் தனியாக எடுத்து வைத்தார். கலங்கலான மருந்தைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையே மெல்ல உருட்டுவது, ஒரே இடத்தில் குத்திக் கட்டி விழாமல் இடத்தை மாற்றுவது ஆகியவற்றையும் அதே போலச் செய்து காட்டிய பிறகே அவரை எழுந்திருக்க விட்டார்கள்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்று மகன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியில் ஈர மணல் நிரப்பி, நிழலான இடத்தில் வைக்கும் முறையைக் காகிதத்தில் படமாக வரைந்து கொடுத்தார். "குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் சேமிக்கவும்" என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படித்துக் காட்டிவிட்டுப் போவதற்கும் இதற்கும் உள்ள தொலைவை நினைத்துக்கொண்டேன். செய்ய முடியாத அறிவுரையைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் மொத்தத்தையும் கைவிடுவார். அல்லது மருந்தைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் உறைய வைப்பார்.

உணவைப் பற்றிய பேச்சு இந்த அறையின் மிகச் சிறந்த பகுதி. டெல்டாக்காரர்களிடம் சோற்றைக் குறைக்கச் சொல்வது எளிய வேலை அல்ல. குறுவையும் சம்பாவும் தாளடியும் விளைவிக்கிற வீட்டில் "எவ்வளவு சோறு சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் "கொஞ்சந்தாம்மா" என்றுதான் பதில் வரும். அந்தப் பெண் ஒரு எவர்சில்வர் தட்டையும் சாதக் கரண்டியையும் ஒரு டப்பா பொரியையும் வைத்திருக்கிறார். வீட்டில் போட்டுக்கொள்வது போலப் பொரியை அள்ளித் தட்டில் வைக்கச் சொல்கிறார். கொஞ்சம் என்று சொன்ன அம்மாள் ஒருவர் அள்ளி வைத்த குவியலைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாரும் கண்டிக்கவில்லை. அதே தட்டில் பாதியைக் காய்க்கு ஒதுக்கி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ என்று பிரித்து வைத்து, "நாளைக்கே இப்படி வேணாம், இந்த வாரம் ஒரு கரண்டி மட்டும் கொறைங்க, அதுக்குப் பதிலா வாழத்தண்டோ கீரையோ போட்டுக்கங்க" என்று முடித்தார். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம், அதுவும் கரண்டிக் கணக்கில்.

இங்கே பரவலாக இருக்கும் நம்பிக்கைகளையும் அவர் கேலி செய்யாமல் எதிர்கொள்கிறார். கோதுமைக்கு மாறினால் சர்க்கரை ஏறாது, கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாது, நாட்டுச் சர்க்கரையும் தேனும் கணக்கில் வராது என்பவை ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் சொல்லப்படுபவை. "தப்பு" என்று அவர் ஆரம்பிப்பதில்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்களிடம், கூழ் குடிக்கும் முன்னும் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதி வரச் சொல்கிறார். நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழ் வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும் என்று நூறு முறை சொல்வதைவிட, தன் கையால் எழுதிய எண் அழுத்தமாகப் பேசும்.

அவர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "வீட்டுல யாரு சமைக்கிறது?" என்பது. ஆண் நோயாளி தனியாக வந்திருந்தால் அடுத்த முறை சமைப்பவரையும் அழைத்து வரச் சொல்கிறார். மருத்துவமனைகளில் பொதுவாக நடப்பது, வயதான தாய் எதிரே உட்கார்ந்திருக்க, மருத்துவர் மகனைப் பார்த்துப் பேசுவது; மகன் வெளியூரில் வேலை பார்ப்பவராக இருப்பார், அன்று மாலையே ரயில் ஏறிவிடுவார். செய்தி யார் கைக்குப் போக வேண்டுமோ அவர் அந்த அறையில் இருக்க வேண்டும் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். பலருடைய சிகிச்சை கவிழ்வது இதில்தான்.

மாத்திரைகளையும் அவர் பார்வையிடுகிறார். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வரச் சொல்வது இந்த நிலையத்தின் வழக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பலருக்கு ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அதே ஆள் தனியாரிடமும் காட்டும்போது, ஓர் அட்டையில் மூல மருந்தின் பெயரும் இன்னொன்றில் நிறுவனம் வைத்த பெயரும் இருக்க, இரண்டும் ஒரே மெட்ஃபார்மின் என்பது தெரியாமல் இரண்டையும் விழுங்குவது நடக்கிறது. அட்டைகளை மேசையில் பரப்பி, ஒரே மருந்தானவற்றை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, "இதுல ஒண்ணுதான், அது தீந்த பெறகுதான் இன்னொண்ணு" என்று சொல்லி அனுப்புகிறார். மருந்துகளின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடியவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-லேயே இந்திய மருத்துவ மன்றம் விதியைத் திருத்தியது. இங்கே சீட்டு கணினியில் அச்சாகி வருவதால் கையெழுத்துப் பிரச்சினை இல்லை; ஆனாலும் அது ஆங்கிலம்தான். அதன் ஓரத்தில் அந்தப் பெண் தமிழில் எழுதித் தரும் இரண்டு மூன்று வரிகளைத்தான் நோயாளிகள் உண்மையில் பார்க்கிறார்கள்.

நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகும் பெண்களிடம் அவர் நேரக் கணக்கைக் கேட்டது எனக்குப் பெரிதும் பிடித்தது. விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கி, பத்து மணிக்கு மேல்தான் தூக்குவாளியைத் திறப்பவர்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவது எளிது. கை நடுங்குவது, வியர்த்துக் கொட்டுவது, கண் இருட்டுவது எல்லாம் வெயிலால் என்றே அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மாத்திரை நேரத்தை உணவு நேரத்தோடு சேர்த்து மாற்றும்படி மருத்துவரிடம் திருப்பி அனுப்பியதோடு, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைச் சிறு பொட்டலமாக மடித்து முந்தானையில் முடிந்துகொள்ளச் சொன்னார். தண்ணீரில் கலந்து குடிப்பது, கால் மணி நேரம் கரையில் உட்காருவது, நடுக்கம் குறையாவிட்டால் மறுபடி குடிப்பது, தேறியதும் சாப்பிடுவது. பக்கத்தில் நடவு நடும் பெண்ணுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

கால் பராமரிப்பிலும் இதே நிதானம். கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் வாழ்பவர்களிடம் "செருப்பில்லாமல் நடக்காதீர்கள்" என்று மொட்டையாகச் சொன்னால் கோயிலுக்கே போகாதே என்று சொன்னதாகிவிடும். சித்திரை வெயிலில் பிராகாரத்துக் கருங்கல்லில் உணர்ச்சி மரத்த கால் வெந்து கொப்புளிப்பது இங்கே அரிதல்ல. அவர் சொல்வது, காலைப் பூஜைக்கோ பொழுது சாய்ந்த பிறகோ போங்கள், பகலில் போவதானால் தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், இரவில் படுக்கும் முன் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள் என்பதே. சஷ்டி, ஏகாதசி விரதங்களையும் ரம்ஜான் நோன்பையும் பற்றி அவரே முந்திக்கொண்டு கேட்கிறார். நோயாளி ஒளிக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை அவர் விளக்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். "விரல் நுனியில பாக்குறது இன்னிக்கு வாய்க்கால்ல ஓடுற தண்ணி; இது மேட்டூர் தெறந்ததுலேருந்து மொத்தமா எவ்வளவு வந்துச்சுங்கற கணக்கு" என்றார். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல பெயர் வாங்கப் பார்த்த ஓர் ஐயா, பதில் பேசாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

இனி குறைகள். காத்திருக்கும் கூடத்தின் சுவரில், கறுத்து அழுகிய காலின் படம் ஆளுயரத்துக்கு மாட்டப்பட்டிருக்கிறது. கீழே "அலட்சியம் வேண்டாம்!" என்ற வரி. என்ன செய்ய வேண்டும், எங்கே, எப்போது என்று ஒரு சொல் இல்லை. குழந்தையோடு வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்படியான நாற்காலிகள்தான் கடைசியில் நிரம்புகின்றன. அச்சம் தன்னளவில் ஆளை நகர்த்தாது என்பது பழைய பாடம். 1965-இல் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றி ஏடுகள் கொடுத்துப் பார்த்தார்கள். அச்சமூட்டும் ஏட்டைப் படித்தவர்கள் தடுப்பூசி தேவை என்று அழுத்தமாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் போட்டுக்கொள்ள வந்தவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். எங்கே போக வேண்டும் என்ற வரைபடத்தையும், தன் நாளில் எந்த நேரத்தில் போவது என்று திட்டமிடும் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தபோது 28 விழுக்காட்டினர் வந்தார்கள். சுவரில் அந்தப் படத்துக்குப் பதிலாக, "காலில் புண், கொப்புளம், நிறமாற்றம் தெரிந்தால் அன்றைக்கே வாருங்கள், டோக்கன் வேண்டாம்" என்று எழுதி வைத்தால் போதும். இந்த நிலையத்தில் கால் புண்ணோடு வருபவர்களை உண்மையில் வரிசையில் நிற்க வைப்பதில்லை. அந்த நல்ல ஏற்பாடு சுவரில் எங்கும் எழுதப்படவில்லை.

இன்னொரு பலகை, சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு இரு மடங்கு என்கிறது. மடங்குக் கணக்கை மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எதற்கு இரு மடங்கு என்று தெரியாதவருக்கு அது வெறும் இடி முழக்கம். 1995-இல் பிரிட்டனில் ஒரு வகைக் கருத்தடை மாத்திரை ரத்த உறைவு அபாயத்தை இரு மடங்காக்குகிறது என்று அறிவித்தார்கள். 7000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும் என்பதுதான் அதன் உண்மையான பொருள். மடங்குக் கணக்கைக் கேட்டுப் பயந்து ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். வேண்டாத கருத்தரிப்புகளும் கருக்கலைப்புகளும் பெருகின. சுவரில் எழுதுகிறவர்கள் எத்தனை பேரில் எத்தனை பேர் என்று எழுதட்டும், அல்லது எழுதாமலே விடட்டும்.

மாத்திரை உறைகளில் குத்தப்படும் பட முத்திரைகளும் சரியில்லை. காலைக்குப் பாதிச் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை. பாதிச் சூரியன் எழுகிறதா விழுகிறதா என்று படத்தில் எப்படித் தெரியும்? மாலை மாத்திரை என்று எண்ணிச் சாயங்காலம் போட்டுக்கொண்ட ஒருவரை நானே பார்த்தேன். தவிர, தமிழ்நாட்டில் அந்தப் படத்தைக் கண்டால் முதலில் நினைவுக்கு வருவது வேளை அல்ல, வாக்குச் சாவடி. அச்சடிப்பதற்கு முன் நாலு நோயாளிகளிடம் காட்டி "இது என்ன?" என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அறைக்குள் ஒவ்வொரு சொல்லையும் சோதித்துப் பார்க்கிறவர்கள், அச்சுக்குப் போவதை மட்டும் சோதிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

கைப்பேசிச் செய்திகளில் ஒன்று அருமை, மற்றவை வீண். ரத்தப் பரிசோதனைக்கு முந்தின நாள் மாலையில் வரும் செய்தி இது: "நாளை காலை ரத்தப் பரிசோதனை. இன்றிரவு 9 மணிக்குள் சாப்பிடுங்கள். காலையில் தண்ணீர் மட்டும். காபி கூடாது. மாத்திரையைக் கையில் எடுத்து வாருங்கள்; ரத்தம் கொடுத்துச் சாப்பிடும்போது போடலாம்." காபி வயிற்றில் விழுவதும் கணக்குத்தான் என்பதைக் கும்பகோணத்துப் பக்கம் எழுதித்தான் சொல்ல வேண்டும். 1995-இல் தொடங்கிய போலியோ முகாம்களின் செய்தியிலும் இந்த எலும்புக்கூடுதான் இருந்தது: யாருக்கு, என்றைக்கு, எங்கே, எத்தனை சொட்டு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டதற்கு, மருந்தோடும் வீடு வீடாக நடந்த கால்களோடும் அந்தச் சுருக்கமான அழைப்புக்கும் பங்கு உண்டு.

மற்ற செய்திகள் இதற்கு நேர்மாறு. இரவு பத்து மணிக்கு மேல் வரும் நீண்ட பத்திகளில் "ஹைப்பர்கிளைசீமியா", "நெஃப்ரோபதி" என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். கூடவே வரும் உணவு அட்டவணையில் ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. பொரியையும் கரண்டியையும் வைத்துப் பேசும் அந்தப் பெண்ணையே ஒரு நிமிடம் பேச வைத்துக் குரல் பதிவாக அனுப்பினால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் என் அக்காளும் கேட்பார். அடுப்படியில் நிற்கும் மருமகளும் கேட்பாள்.

அறைக்குக் கதவு இல்லாததுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை. பிளைவுட் தடுப்பு தோளுயரம் வரைதான். அந்தப் பக்கம் காத்திருப்பவர்களுக்கு எல்லாமே கேட்கும். சோற்றுக் கணக்குக்கு இது பரவாயில்லை. குடிப்பழக்கம், சிறுநீர்த் தொற்று, தாம்பத்தியத்தில் வரும் சிரமம் ஆகியவற்றை ஒரே ஊர்க்காரர்கள் நாலு பேர் காதுபட யார் சொல்வார்கள்? அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார், பதில் வருவதில்லை. பதில் வராத கேள்விக்கு இல்லை என்று குறித்துக்கொள்ளப்படுவதையும் பார்த்தேன். ஒரு கதவுக்கு ஆகும் செலவு இந்த நிலையத்துக்குப் பெரிதல்ல. நிர்வாகத்திடம் இதைச் சொன்னேன், பார்க்கலாம் என்றார்கள்.

போக விரும்புபவர்களுக்குச் சில தகவல்கள். ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் இல்லை. மருத்துவர் கட்டணத்திலேயே அடக்கம். புதிய நோயாளிக்கு அரை மணி நேரம்கூட ஆகும், பழையவர்களுக்குப் பத்து நிமிடம். காலையில் கூட்டம் நெரியும்போது ஆலோசனை இல்லாமலே அனுப்பிவிடுகிறார்கள், ஆகவே வரவேற்பு மேசையில் கேட்டு அதற்கும் தனியாக டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். பிற்பகலில் போனால் நிதானமாகப் பேசுவார். மாத்திரைகள் எல்லாவற்றையும், இன்சுலின் போடுபவர்கள் குப்பியையும் ஊசியையும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் சமைப்பவரையும் கூட்டிச் செல்லுங்கள். வெளியில் சொல்லத் தயங்கும் விஷயம் ஏதாவது இருந்தால், கதவு போடும் வரை, அதை மருத்துவரின் அறைக்குள்ளேயே சொல்லிவிடுவது நல்லது.